பட்டத்துக்கு இரண்டு கணக்கு

கல்லூரிப் படிப்பால் இனிமேல் பயன் உண்டா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் தயாராக இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டுக் கோடீஸ்வரரானவர்கள் பெயரை ஒருவர் அடுக்குவார். பட்டதாரிகளின் சராசரிச் சம்பளத்தை இன்னொருவர் தூக்கிக் காட்டுவார். முன்னது விதிவிலக்கு, பின்னது சராசரி. ஒரு மாணவர் இந்தத் துறையில், இந்தக் கட்டணத்துக்குச் சேரலாமா என்று முடிவெடுக்க இரண்டுமே உதவாது.

இதில் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. படிப்பவருக்கு ஒரு கணக்கு, அவரைச் சுற்றியுள்ள சமூகத்துக்கு இன்னொன்று. முதலாவதில் லாபம் காட்டும் படிப்பு இரண்டாவதில் வெறும் செலவாக முடியலாம். மாறியும் நடக்கும்: சமூகத்துக்குப் பெரிதும் வேண்டிய படிப்பு, படித்தவருக்குச் சொற்ப வருமானமே தரலாம். இரண்டையும் பிரித்து எழுதினால் சண்டையில் பாதி தீரும்.

முதலில் படிப்பவரின் கணக்கு. ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்தால் வருமானம் உலக அளவில் சராசரியாக 9 விழுக்காடு கூடுகிறது என்று ஜார்ஜ் சாக்கரோபுலோசும் ஹாரி பட்ரினோசும் 2018-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். நல்ல வருவாய்தான். ஆனால் அந்த 9-க்குள் மிக நன்றாகப் போனவர்களும் கையைச் சுட்டுக்கொண்டவர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை எது தீர்மானிக்கிறது? அதைப் பார்க்க ஒரு கணக்கைப் போட்டே தீர வேண்டும்.

பள்ளி முடித்ததும் வேலைக்குப் போனால் ஆண்டுக்கு 100 வரும் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். படிப்பு நான்கு ஆண்டு. கட்டணம், புத்தகம், விடுதியால் கூடும் செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40. சாப்பாடு, துணிமணி வேண்டாம், அவை வேலைக்குப் போனாலும் உண்டு. ஆனால் படிக்கும் காலத்தில் சம்பாதிக்காமல் விட்ட 100-ஐ எழுதியே ஆக வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். கட்டணத்தை மட்டும் செலவு என்கிறார்கள். இந்த எடுத்துக்காட்டில் நேரத்தின் விலை கட்டணத்தைப்போல இரண்டரை மடங்கு. ஆக ஆண்டுச் செலவு 140.

பட்டம் வாங்கியபின் 100-க்குப் பதில் 150. அதாவது ஆண்டுக்கு 50 கூடுதல், 38 ஆண்டு வேலை. அப்படியே கூட்டினால் வரவு 1,900, செலவு 560. பிரமாதம் என்று தோன்றும். ஆனால் முப்பது ஆண்டு கழித்து வரும் 50 இன்றைய 50 ஆகாது. ஆண்டுக்கு 5 விழுக்காடு கழித்து எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் வரவு 694, செலவு 496. மிச்சம் 198. விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) இது பத்து நிமிட வேலை: ஆண்டுக்கு ஒரு வரி, வரவிலிருந்து செலவைக் கழிப்பது, அதை 1.05-இன் அந்த ஆண்டுக்கான அடுக்கால் வகுப்பது, கடைசியில் கூட்டுவது. வேறு எதையும் செய்யாவிட்டாலும் சேரும் முன் இதைச் செய்துவிட வேண்டும்.

இனி ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்போம். நான்கு ஆண்டுப் படிப்பு அரியர் விழுந்து ஐந்தாண்டு ஆகிறது. வரவு 655 ஆக இறங்கும், செலவு 606 ஆக ஏறும், மிச்சம் 49. ஒரே ஓர் ஆண்டுத் தாமதம் லாபத்தில் முக்கால் பங்கைத் தின்றுவிட்டது. படிப்பை நேரத்துக்கு முடித்தும் முதல் ஐந்தாண்டு பட்டம் தேவைப்படாத வேலையில் 100-க்கே இருந்தால்? 198-இல் 178 போய்விடும். கூடுதல் சம்பளம் 50-க்குப் பதில் 35 என்றால் கணக்கு 10 நஷ்டத்தில் முடியும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, முடிப்போமா மாட்டோமா என்பது. இரண்டாம் ஆண்டு முடிவில் நின்றுவிட்டவருக்குக் கூடுதல் சம்பளம் ஏதுமில்லை என்று கொண்டால் அவருடைய நஷ்டம் 260. முடிக்கும் வாய்ப்பு 70 விழுக்காடு என்றால் எதிர்பார்க்கும் லாபம் 198-லிருந்து சுமார் 60-க்கு இறங்குகிறது. 57 விழுக்காட்டில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதற்குக் கீழே போனால் சேராமலிருப்பதே மேல். கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்களில் பார்வை முதலில் போக வேண்டிய எண் இதுவே: சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடிக்கிறார்கள். விளம்பரத்தில் இந்த எண் ஏனோ இடம்பெறுவதில்லை.

கடன் வாங்கிப் படிப்பவருக்கு இன்னொரு எளிய அளவு உண்டு. மொத்தக் கடன், நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய முதலாண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. காரணம் இதுதான்: 6 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுத் தவணை என்றால் ஆண்டுக்குக் கட்ட வேண்டியது கடன் தொகையில் ஏறத்தாழ 13.3 விழுக்காடு. கடனும் சம்பளமும் சமம் என்றால் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. சமாளிக்கலாம். கடன் சம்பளத்தில் இரண்டு மடங்கானால் கால் பங்குக்கு மேல் போய்விடும். முதல் வேலை கைக்கு வர ஆறு மாதம் தாமதித்தாலே தவணை தவறும். 1989-இல் ஆஸ்திரேலியா கொண்டுவந்த முறை இந்த ஆபத்தைக் குறைக்கிறது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே, வருமான வரியோடு சேர்த்துக் கடன் பிடிக்கப்படும். வருமானம் வரம்புக்குக் கீழே இறங்கினால் பிடித்தம் தானாக நிற்கும். பொருளியலாளர் புரூஸ் சாப்மன் வடிவமைத்தது. வேலை கிடைக்காதவரைத் துரத்தும் கடனும் இந்த வகைக் கடனும் வட்டி ஒன்றாகவே இருந்தாலும் ஒன்றல்ல.

இப்போது அந்த 150 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. நாம் விரிதாளில் போடும் சம்பளம் பெரும்பாலும் கல்லூரி சொல்லும் பிளேஸ்மென்ட் எண்ணிலிருந்தே வருகிறது. அந்த எண்ணைப் பெரிதாக்கப் பொய் சொல்லத் தேவையில்லை, வகுக்கும் எண்ணை மாற்றினால் போதும். '92 விழுக்காடு வேலைவாய்ப்பு' என்றால் எதில் 92 என்று கேட்க வேண்டும். சேர்ந்தவர்களிலா, இறுதியாண்டு எட்டியவர்களிலா, அரியர் இல்லாமல் பதிவு செய்யத் தகுதி பெற்றவர்களிலா? மூன்றாவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அடுத்து, மாணவர்களை எண்ணினார்களா, வேலை ஆணைகளை எண்ணினார்களா? ஒரே மாணவர் மூன்று நிறுவனங்களில் தேர்வானால் மூன்று ஆணை. சராசரிச் சம்பளம் என்பதும் அப்படியே: ஒருவருக்கு 1,000, ஒன்பது பேருக்கு 100 என்றால் சராசரி 190. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவர் வாங்குவதோ 100. கேட்க வேண்டியது நடுவில் நிற்பவரின் சம்பளம். அதிலும் சேரும்போது ஒரு முறை தரும் தொகை, பங்குகள், இரண்டாண்டு தாக்குப்பிடித்தால் மட்டும் தரும் ஊக்கத்தொகை ஆகியவற்றைக் கழித்த பிறகு மாதா மாதம் கைக்கு வருவது. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதே வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் கேட்கலாம். இந்த நான்கு கேள்விக்கும் எழுத்தில் பதில் தரத் தயங்கும் துறையைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

பொருளாதார மந்தம் நடுவில் வந்தால்? அதற்கும் அளவு உண்டு. கனடாவின் பட்டதாரிகளை வைத்து ஒரியோபுலோஸ், வான் வாக்டர், ஹைஸ் மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மந்த காலத்தில் பட்டம் பெற்றவர்களின் தொடக்க வருமானம் சுமார் 9 விழுக்காடு குறைகிறது. ஐந்தாண்டில் அது பாதியாகி, பத்தாண்டில் ஏறக்குறைய மறைகிறது. சின்ன நிறுவனத்தில் தொடங்கிப் பெரிய நிறுவனத்துக்கு மாறிக்கொள்பவர்கள் சீக்கிரம் மீள்கிறார்கள். முதல் வேலையிலேயே தேங்கிவிடுவதுதான் பழுது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். கெட்டிக்காரர்கள்தானே கல்லூரிக்குப் போகிறார்கள், அவர்கள் போகாவிட்டாலும் நன்றாகச் சம்பாதித்திருப்பார்களே? பாதி உண்மை. இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி, சேர்க்கைக்கான மதிப்பெண் வரம்பை மயிரிழையில் தாண்டியவரையும் மயிரிழையில் தவறவிட்டவரையும் ஒப்பிடுவது. இருவரும் கெட்டிக்காரத்தனத்தில் ஏறத்தாழ ஒன்றே. செத் சிம்மர்மன் 2014-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இப்படிப் பார்த்தார். வரம்பைத் தாண்டிச் சேர்ந்தவர்கள் பள்ளி முடித்து 8 முதல் 14 ஆண்டுகளுக்குப் பின் சுமார் 22 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். கடைசி வரிசையில் நுழைந்தவர்களுக்கே அவ்வளவு பயன் என்றால் கல்லூரி வெறும் சலித்தெடுக்கும் இடம் மட்டும் என்று சொல்ல முடியாது.

ஆனால் பெயர்பெற்ற கல்லூரிக்காக இரண்டு மடங்கு கட்டணம் கொடுப்பது வேறு விஷயம். ஸ்டேசி டேலும் ஆலன் குரூகரும் 2002-இல், பெரிய கல்லூரியிலும் இடம் கிடைத்து, சாதாரணக் கல்லூரியைத் தேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்தார்கள். சராசரியாக வருமானத்தில் வித்தியாசமே இல்லை. ஒரு விலக்கு இருந்தது: வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி நிஜமாகவே உதவியது. அங்கே கிடைக்கும் பழக்கமும் தொடர்பும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஏற்கெனவே உண்டு, மற்றவருக்குக் கிடையாது என்பது பொருத்தமான விளக்கம். ஆகப் பெயருக்காகக் கடன் வாங்கலாமா என்பதற்கு வீட்டுக்கு வீடு பதில் மாறும்.

இனி சமூகத்தின் கணக்கு. அதற்குள் நுழைய ஒரு பழைய சர்ச்சையைத் தொட வேண்டும். கேரி பெக்கர் 1964-இல் கல்வியை முதலீடாகப் பார்த்தார்: படிப்பு திறனை வளர்க்கிறது, திறன் உற்பத்தியைக் கூட்டுகிறது, சம்பளம் அதைத் தொடர்கிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் வேறொன்று சொன்னார்: பட்டம் ஓர் அடையாளம். வகுப்பில் எதையும் கற்காவிட்டாலும், நான்காண்டு தாக்குப்பிடித்து முடித்தார் என்பதே முதலாளிக்குச் செய்தி. இதற்காக 2001-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், சம்பளம் வந்தால் சரி. சமூகத்துக்கோ பாரதூரமான வித்தியாசம். திறன் வளர்ந்தால் மொத்த விளைச்சல் கூடும். அடையாளம் மட்டும் என்றால், இருக்கும் வேலைகள் யாருக்கு என்று முடிவு செய்ய எல்லோரும் நான்காண்டு செலவழிக்கிறோம், அவ்வளவே. எல்லோரும் இளங்கலை வாங்கினால் அடுத்து முதுகலை கேட்பார்கள்.

எந்தப் பங்கு எவ்வளவு என்று ஒரே எண்ணைச் சொல்பவரை நம்ப வேண்டாம். துறைக்குத் துறை மாறுகிறது. செவிலியர் படிப்பைப் பாருங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கனும் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட முடிவு: பட்டப்படிப்பு முடித்த செவிலியரின் பங்கு 10 விழுக்காட்டுப் புள்ளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு குறைகிறது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோது 7 விழுக்காடு. இது சோதனைச்சாலைப் பரிசோதனை ஆகாது, மருத்துவமனைகளுக்கிடையே வேறு வித்தியாசங்களும் இருக்கும். இருந்தும் திசை ஒன்றே. ஏன் என்பதும் புரியக்கூடியதே. நோயாளி நிலை சரிவதை முதலில் பார்ப்பவர் செவிலியர். அளவுகள் மெல்ல மாறுவதை அடையாளம் கண்டு, எப்போது மருத்துவரை எழுப்ப வேண்டும் என்று முடிவெடுப்பவர் அவர். அங்கே படிப்பு திறனாக மாறுகிறது. ஒரு சான்றிதழ் சட்டகத்துக்குள் அடங்கும் விஷயமில்லை அது.

பக்கத்தில் இருப்பவருக்கும் பலன் போகிறதா? என்ரிக்கோ மொரெட்டி 2004-இல் அமெரிக்க நகரங்களை வைத்துக் கணக்கிட்டார். ஒரு நகரத்தில் பட்டதாரிகளின் பங்கு ஒரு விழுக்காட்டுப் புள்ளி கூடினால், பள்ளியைக்கூட முடிக்காதவர்களின் கூலி 1.9 விழுக்காடு, பள்ளி முடித்தவர்களின் கூலி 1.6 விழுக்காடு, பட்டதாரிகளின் கூலி 0.4 விழுக்காடு கூடுகிறது. கல்லூரி வாசலை மிதிக்காதவருக்கே அதிகப் பங்கு போகிறது. கல்லூரிக்குப் பொதுப்பணம் ஏன் என்று கேட்பவருக்கு நான் காட்டும் முதல் ஆய்வு இது.

அந்தப் பலன் தானாகப் பரவுவதில்லை, வாய்க்கால் வெட்ட வேண்டும். அமெரிக்கா 1862-இல் மோரில் சட்டத்தின் மூலம் நிலம் கொடுத்து வேளாண்மை, பொறியியல் கல்லூரிகளை உருவாக்கியது. கல்லூரி வந்ததும் விளைச்சல் கூடிவிடவில்லை. ஆரம்பத்தில் கற்பிக்க உருப்படியான வேளாண் அறிவியலே இல்லை. 1887-இல் ஹாட்ச் சட்டம் ஆய்வுப் பண்ணைகளுக்குப் பணம் கொடுத்தது. கண்டுபிடித்தது பண்ணைக்குள்ளேயே கிடந்ததால் 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. அதன்படி நியமிக்கப்பட்ட விரிவாக்க அலுவலர்கள் விவசாயிகளைத் தேடிப் போனார்கள். கல்லூரி, ஆய்வு, விரிவாக்கம் மூன்றும் சேர 52 ஆண்டு. இன்று புதிய பல்கலைக்கழகம் தொடங்கும் அரசுகள் முதல் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டு பலனை எதிர்பார்க்கின்றன.

தகுதியை உயர்த்துவதிலும் இருமுனை உண்டு. 1910-இல் ஆப்ரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்கா, கனடாவிலிருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். ஆய்வகமே இல்லாமல் பட்டம் விற்ற பல கடைகள் மூடப்பட்டன. நோயாளிகளுக்கு நல்லதே. அதே அலையில் கறுப்பினத்தவருக்கான ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டு ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே மிஞ்சின. தரம் உயர்த்தும்போது எந்த வாசல் அடைபடுகிறது என்பதையும் கூடவே எண்ண வேண்டும்.

தேவையில்லாத இடத்தில் பட்டம் கேட்பது வேறு நோய். ஹார்வர்ட் வணிகப் பள்ளி 2017-இல் காட்டிய எடுத்துக்காட்டு: உற்பத்தி மேற்பார்வையாளர் வேலைக்கான விளம்பரங்களில் 67 விழுக்காடு பட்டம் கேட்டன, அந்த வேலையில் அப்போது இருந்தவர்களில் பட்டதாரிகள் 16 விழுக்காடுதான். வேலை மாறவில்லை, வாசற்படி உயர்ந்தது. பட்டம் அங்கே விண்ணப்பங்களைக் குறைக்கும் சல்லடை. பணியாளர் தேர்வு முறைகளைத் தொகுத்த ஷ்மிட்-ஹண்டர் ஆய்வில் (1998) எத்தனை ஆண்டு படித்தார் என்பதற்கும் வேலையில் எப்படிச் செய்கிறார் என்பதற்கும் உள்ள தொடர்பு 0.10 மட்டுமே (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). செய்து காட்டச் சொல்லும் சோதனைக்கு 0.54. பிறகு 2022-இல் சாக்கெட் குழு மறுகணக்கிட்டதில் செய்துகாட்டும் சோதனை 0.33 ஆக இறங்கி, எல்லோருக்கும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலில் கேட்கும் நேர்காணல் 0.42 உடன் முதலிடம் பிடித்தது. படித்த ஆண்டுகளின் எண்ணிக்கைக்குக் கிடைத்த 0.10 இவை எல்லாவற்றுக்கும் வெகு கீழேதான்.

சில நிறுவனங்கள் பட்டம் கேட்பதை நிறுத்திவிட்டதாக அறிவிக்கின்றன. அறிவிப்பை நம்பிப் படிப்பை விடுவது ஆபத்து. ஹார்வர்டும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் 2024-இல் சரிபார்த்தபோது, இந்த மாற்றத்தால் பயன்பெற்றவர்கள் 700 பணியமர்த்தல்களில் ஒருவருக்கும் குறைவு. விளம்பரத்திலிருந்து ஒரு வரியை எடுப்பது எளிது. விண்ணப்பங்களை வடிகட்டும் மேலாளருக்கு மாற்று வழி ஏதும் கொடுக்கவில்லை என்பதே குறை: செய்துகாட்டும் சோதனையை யார் தயாரிப்பது, யார் மதிப்பிடுவது, எத்தனை மணி நேரம் பிடிக்கும்? இவற்றுக்கு ஆளும் நேரமும் ஒதுக்காதவரை பழைய சல்லடையே ஓடும்.

கல்லூரிக்குள் என்ன செய்தால் இரண்டு கணக்கும் தேறும்? இதற்கு நல்ல சான்றுகள் உள்ளன, பின்பற்றுபவர்தான் குறைவு. ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014-இல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்தது. விரிவுரை மட்டும் கேட்கும் வகுப்பில் 33.8 விழுக்காடு தோல்வி. மாணவர்கள் வகுப்பிலேயே கணக்குப் போட்டு, விவாதித்து, விடை சொல்லும் வகுப்பில் 21.8. மேலே போட்ட கணக்கில் முடிக்கும் வாய்ப்பு எவ்வளவு கனமானது என்று பார்த்தோமே, இந்த 12 புள்ளி அங்கேதான் போய் விழும். பிறகு ஏன் விரிவுரை ஓயவில்லை? ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் 2019-இல் செய்த சோதனை ஒரு காரணம் சொல்கிறது: கையால் செய்து கற்றவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை எல்லாம் புரிந்த மாதிரி ஒரு சுகத்தைத் தருகிறது. மாணவர் கருத்துப்படிவத்தை வைத்து ஆசிரியரை அளந்தால் கெட்டிக்கார ஆசிரியர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முடிக்காமல் போவதற்கு அறிவுக்குறைவு மட்டுமே காரணமில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஏசாப் திட்டம் இதை நேராகக் கையாண்டது. முழுநேரப் படிப்பு கட்டாயம். உதவித்தொகைக்கும் கட்டணத்துக்கும் இடையே மிஞ்சும் தொகை தள்ளுபடி. பாடநூல் இலவசம். பயண அட்டை இலவசம். ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர். வழக்கமாக 600 முதல் 1,500. குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது இரண்டாண்டுப் படிப்பை மூன்றாண்டில் முடித்தவர்கள் 40 விழுக்காடு, திட்டத்துக்கு வெளியே 22. ஒரு மாணவருக்கான செலவு சுமார் 60 விழுக்காடு கூடியும் ஒரு பட்டதாரிக்கான செலவு குறைந்தது. பொதுப்பணத்தை எதனால் வகுக்கிறோம் என்பதே இங்கும் பிரச்சினை. சேர்க்கையால் வகுக்கும் அரசு கூட்டத்தை வாங்குகிறது.

தேர்வு முறையும் ஆட்டம் காண்கிறது. வீட்டில் எழுதிவரும் கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருகிறது. அதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் நேர்மையான மாணவரையும் குற்றவாளியாக்குவதால் அவற்றை வைத்துத் தண்டிப்பது சரியில்லை. தோதான மாற்று வாய்மொழித் தேர்வு: எழுதியதைக் கொடுத்து, ஏன் இப்படிச் செய்தாய், இந்த எண்ணை மாற்றினால் என்னாகும் என்று கேட்பது. ஆளுக்கு 15 நிமிடம், 60 பேர் என்றால் 15 மணி நேரம். நான்கு பாடம் எடுக்கும் ஆசிரியருக்குப் பருவத்துக்கு 60 மணி நேரம் கூடுதல். இதற்கு நேரம் ஒதுக்காத கல்லூரியின் மதிப்பெண் பட்டியலை முதலாளி எவ்வளவு நாள் நம்புவார்?

மாற்றுவழிகள் பற்றிச் சுருக்கமாக. இணையப் பாடங்கள் 2012 வாக்கில் பெரும் ஆரவாரத்தோடு வந்தன. இலவசமாகச் சேர்பவர்களில் பத்தில் ஒருவர்கூட முடிப்பதில்லை. ஏற்கெனவே பட்டம் வாங்கிக் கற்கப் பழகியவருக்கு அவை அருமை, புதிதாகத் தொடங்குபவருக்குக் கடினம். தொழிற்பயிற்சி கனமான மாற்று. சுவிட்சர்லாந்தில் இளைஞரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அந்த வழியில் போகிறார்கள். வாரத்தில் மூன்று, நான்கு நாள் நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை, மிச்ச நாள் வகுப்பு. மேலே சொன்ன கணக்கில் கைவிட்ட 100-இல் ஒரு பகுதி கைக்கு வந்துவிடுவதால் ஆரம்பம் ஜோராக இருக்கும். ஆனால் எரிக் ஹனுஷெக்கும் குழுவினரும் 2017-இல் பல நாடுகளை ஒப்பிட்டு ஒரு குறையைக் காட்டினார்கள்: குறுகிய தொழிற்கல்வி பெற்றவர் இளவயதில் சீக்கிரம் வேலை பெறுகிறார், நடுவயதைத் தாண்டித் தொழில்நுட்பம் மாறும்போது பொதுக்கல்வி பெற்றவரைவிட வேலையில் பின்தங்குகிறார். பிற்பாடு கல்லூரியில் சேர வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துத் தொழிற்பயிற்சியில் சேர்வது புத்திசாலித்தனம்.

ஏற்கெனவே சேர்ந்து பாதியில் நிற்பவருக்குக் கணக்கே வேறு. செலவழித்த இரண்டாண்டு போனது போனதுதான், அதை எழுதக் கூடாது. மீதமுள்ளதை மட்டும் பார்த்தால் செலவு 260, வரவு 765, மிச்சம் 505. முதல் நாளில் சேரலாமா என்று கேட்டபோது வந்த 198-ஐப்போல இரண்டரை மடங்கு. ஆக, முடிக்க முடியும் என்றால் முடிப்பதே பெரும்பாலும் லாபம். முடிக்க முடியுமா என்பதை மனநிலையை வைத்து முடிவெடுக்காமல் தாளில் பார்க்கலாம்: நிலுவையிலுள்ள பாடங்கள் எத்தனை, அவற்றில் எது அடுத்த பாடத்தைத் தடுக்கிறது, அது மறுபடி எந்தப் பருவத்தில் நடத்தப்படும். தடுக்கும் பாடத்தை முதலில் எழுத வேண்டும், எளிதான பாடத்தை அல்ல. துறை மாறுவதென்றால் இதுவரை பெற்ற பாடப் புள்ளிகளில் (கிரெடிட்) எத்தனை ஏற்கப்படும் என்பதை, பழைய இடத்தை விடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையை நம்பி மாறியவர்கள் ஓர் ஆண்டை இழப்பது இங்கேதான். விலகுவதே சரி என்று முடிவானால், முடித்த ஆண்டுகளுக்குச் சான்றிதழோ டிப்ளோமாவோ தரும் விதி இருக்கிறதா என்று பார்த்து, அதற்கு இன்னும் ஒரே பருவம்தான் குறைகிறது என்றால் அந்தப் பருவத்தை முடித்துவிட்டு விலகலாம்.